நடுவில் நாலு சீட்

எந்தப் பிளேன் நல்ல பிளேன் என்று எங்கள் தன்னாமுனையில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. பதினொரு வருடம் தோஹாவில் வீட்டுவேலை செய்து, போயும் வந்தும் எத்தனையோ தடவை பறந்தவள் நான். கேட்டால் சொல்வேன். ட்ரீம்லைனரில் யன்னலுக்குத் திரை கிடையாது, பொத்தானை அமர்த்தினால் கண்ணாடியே நீலமாக இருண்டுவிடும். காதும் அவ்வளவாக அடைக்காது. ஆனால் வீட்டுவேலைக்காரி ஏறிய பிளேனைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை? எங்கள் குடும்பத்தில் பிளேன் என்றால் அத்தான்தான். அக்காவின் புருஷன், சுவிஸில் இருக்கிறவர். டிக்கெட், பெட்டியின் நிறை, எந்த நாட்டில் இறங்கி மாறுவது, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் செல்லும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது நான் தோஹாவில் இருந்தேன். ஊரில் அம்மாவை வைத்துப் பார்த்தவள் அக்கா. செய்தி வந்ததும் என் வேலை வீட்டு மேடம், "இப்போதே டிக்கெட் எடுக்கிறேன்" என்றாள். நான் மடச்சி, அத்தானிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"நான் எல்லாம் பாத்திட்டன் புள்ள," என்றார் அத்தான் ஃபோனில். "ஒரு பிளேனிலயும் இடமில்ல. இனி வெள்ளிக்கிழமைதான் கிடக்கு. அதுவரைக்கும் பிரேதத்த வைக்க ஏலா. எனக்கே கடைசியாக் கிடந்த ஒரு சீட்தான் கிடைச்சிருக்கு. நீ அங்கேயே நில்லு, நான் போய் எல்லாத்தையும் பாக்கிறன்."

மேடம் இரண்டு தரம் கேட்டாள். "அத்தான் சொன்னால் சரிதான்" என்று இரண்டு தரமும் சொன்னேன். அம்மாவின் முகத்தைக் கைபேசியில்தான் பார்த்தேன். அதிலும் பாதியை யாரோ ஒருவரின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு என் பெயர் 'தாய்ச் சாவுக்கும் வராதவள்'. பிளேனில் இடம் கிடைக்கவில்லை என்று நான் சொன்னது எவரிடமும் எடுபடவில்லை. அம்மாவின் ஒரே தம்பி, கல்குடாவில் இருக்கும் மாமா, என்னோடு பேச்சையே விட்டுவிட்டார். போன வருடம் நான் ஒரேயடியாக ஊருக்கு வந்து அக்காவோடு இருக்கத் தொடங்கிய பிறகு, அமிர்தகழித் திருவிழாவில் அவரைக் கண்டு ஓடிப்போய்க் கதைத்தேன். "வெளிநாடு கண்ட புள்ளைக்குத் தாய் எதுக்கு?" என்று என் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு மறுபக்கம் கிறுகி நடந்தார். அந்தச் சனத்துக்குள் என் தோல் உரிந்தது.

இந்த வருடம் சித்திரா பௌர்ணமிக்கென்று நாலு நாள் முந்தியே அத்தான் வந்தார். தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. வந்த அன்றே முற்றத்தில் கதிரையைப் போட்டு அயலவர் இரண்டு பேரோடு பிளேன் கதை தொடங்கிவிட்டது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தட்டுப் பிளேன், ட்ரீம்லைனர் எண்டு எல்லாரும் துள்ளுவானுகள். ட்ரீம்லைனர்ல நடுவில மூண்டு சீட், காலை நீட்ட ஏலா. பிளேன் எண்டா ஏர்பஸ் முன்னூத்தி முப்பது! நடுவில நாலு சீட். கைப்பிடியத் தூக்கிவிட்டா கட்டில்தான். மாமி செத்து வந்த அண்டைக்கு, தோஹாவில மாறி ஏறினன். பிளேன் வெறுமையாக் கிடக்கு. கட்டுநாயக்க ஏர்போட் வரைக்கும் படுத்த படுக்கைதான்!"

என் விரல் துருவலையில் கிழிந்தது. தோஹாவில் மாறி ஏறினாராம்! நான் அழுதுகொண்டு அந்த வீட்டுப் பிள்ளைகளின் துணி மடித்த இடத்திலிருந்து அந்த விமான நிலையம் அரை மணித்தியாலம். அவர் கால் நீட்டிக் கிடந்த அந்த நாலு சீட்டில் ஒன்றில் நான் இருந்திருக்க வேண்டும்.

தேங்காய்ப் பாதியை அவர் மண்டையில் எறியத்தான் கை எழுந்தது. எறியவில்லை. கேட்டது இரண்டே பேர். நாளைக்கு "நான் அப்பிடிச் சொல்லல்ல" என்று துடைத்துவிட்டுப் போவார். என்னைக் கெடுத்த வாயாலேயே அவரைக் கெடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

மூன்று நாள் அவரைத் தாங்கித் தாங்கிப் பார்த்தேன். யார் வந்தாலும் இஞ்சி போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "அத்தான், அந்த நாலு சீட்டுக் கதையச் சொல்லுங்களன்" என்பேன். பாவி மனுஷன் மகிழ்ந்துபோனார். ஒவ்வொரு தடவையும் கதை பருத்தது. போர்வை இரண்டு வந்தது. சாப்பாடு இரண்டு தரம் வந்தது. பின்னால் பத்து வரிசை காலியானது. நானும் "அப்பிடியா அத்தான்!" என்று வாயைப் பிளந்தேன்.

பௌர்ணமியன்று மாமா வந்தார். அம்மாவின் படத்துக்குப் படைத்து முடித்து, எல்லோரும் பாயில் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா பரிமாறினாள். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அத்தானிடம் அந்த நாலு சீட்டுக் கதையைக் கேட்டேன். அவர் ஒன்றும் விடாமல் கதையைச் சொல்லி முடித்தார். மாமாவுக்கே சிரிப்பு வந்தது.

"அவ்வளவு இடம் கிடந்தா," என்றேன் நான், "எனக்கு மட்டும் ஏன் அத்தான் இடமில்லையெண்டு சொன்ன நீங்க?"

சோற்றில் கைகள் நின்றன.

"என்ன சொல்ற மனே?" என்றார் மாமா. மூன்று வருடத்தில் அவர் என்னோடு பேசிய முதல் சொல் அது, அதுவும் மகளே என்று. எல்லாவற்றையும் சொன்னேன், மேடம் இரண்டு தரம் கேட்டது உட்பட.

"அது... அது வேற கொம்பனிட பிளேன்..." என்று இழுத்தார் அத்தான்.

"தோஹாவில இருந்துதானே ஏறின நீங்க? இந்தப் பாயில இருக்கிற அத்தனை பேருக்கும் சொன்ன நீங்க. கேட்டுப் பாருங்க!"

அவர் முகம் கறுத்ததைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், மூன்று வருடத்தில் அவ்வளவு ருசியாக நான் சோறு தின்றதில்லை.

"தம்பி, வாயத் திறவுங்க," என்றார் மாமா.

அத்தான் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னக் கேளாதீங்க! உங்கட மூத்த மருமகளக் கேளுங்க. அவதான் அப்பிடிச் சொல்லச் சொன்ன!"

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் சோற்று அகப்பையோடு நின்றாள்.

"கடைசி மூண்டு நாளும் அம்மா இவளத்தான் கேட்டுக் கிடந்தா," என்றாள். "எட்டு வருசம் குளிப்பாட்டி, தீத்தி, பீ மூத்திரம் அள்ளினவ நான் பக்கத்தில இருக்கன். என்னைய ஒருக்காலும் கேக்கல்ல. 'சின்னவள் வந்திட்டாளா, சின்னவள் வந்திட்டாளா' எண்டுதான். செத்த பிறகெண்டாலும் எனக்கு மட்டும் அம்மாவா இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அத்தானை ஏசுவதற்கு என்னிடம் இன்னும் எத்தனையோ சொற்கள் மிச்சம் இருந்தன. அவற்றை இன்றுவரை வைத்திருக்கிறேன், விட்டுவிடவில்லை. அக்காவுக்கென்று தேடினால் ஒன்றும் வரவில்லை. அவளையும் நான் மன்னிக்கவில்லை. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது கேட்பேன் என்று.

"அம்மா எப்பிடிக் கேட்டவ?" என்றேன். "மறுகா ஒருக்காச் சொல்லு."

அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் குரலில் சொன்னாள்.