தொப்புளில் ஏறிய மயில்கழுத்து நிறம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. தறியில் பாதி நெய்த மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை இருந்தது.

முந்தின நாளிலிருந்தே அவருக்கு வயிற்றுவலி. முதுகு வரைக்கும் இழுத்தது, வாந்தியும் எடுத்தார். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுத் தறியிலேயே கிடந்தார். குனிந்து உட்கார்ந்தால்தான் வலி கொஞ்சம் அடங்கியதாம்.

சட்டையை மாற்றும்போது பார்த்தேன், தொப்புளைச் சுற்றி நீலமாக ஒரு வட்டம். நெய்த புடவை சுருளும் கட்டை வயிற்றை ஒட்டித்தான் இருக்கும். வேர்வையில் சாயம் ஏறியிருக்கும் என்று தேங்காயெண்ணெய் போட்டேன், சோப்புப் போட்டேன். போகவில்லை.

"தோலை உரிச்சிடாதம்மா," என்றார் நாத்தனார். "பாதி சாயம் புடவைக்கு, பாதி என் தம்பி வயித்துக்குன்னு கணக்கு போல இருக்குது."

என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

எட்டாவதோடு நின்றவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். சாயம் நிற்குமா என்று சோதிக்கிற மாதிரி, மிச்ச நூலை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அதே ஈரத் துணியால் அவர் வயிற்றைத் துடைத்தேன். அப்போதும் வெள்ளைதான்.

"இது வெளிய இருந்து வரல அண்ணி," என்றேன். "உள்ள இருந்து வருது."

எதிர்வீட்டு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். தொப்புளைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. ஸ்கேன் எடுத்த பிறகு சொன்னார்: "கணையம் வீங்கி உள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதும்மா. அதனால நெஞ்சுலயும் நீர் கோத்துக்கினு மூச்சு வாங்குது. இன்னும் ரெண்டு நாள் போனாதான் எதுவும் சொல்ல முடியும்."

"அது வயித்துக்குப் பின்னாடி இருக்குதுன்றீங்க. தொப்புளுக்கு எப்படிமா வந்துது?" என்று கேட்டேன்.

"அம்மா வயித்துல இருக்கும்போது தொப்புள் வழியாதானே நமக்கு ரத்தம் வந்துது? பொறந்ததும் அது மூடிக்கும். தடம் மட்டும் இருக்கும். அந்தத் தடத்தைப் புடிச்சிக்கினு வந்திருக்குது."

என் மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் மகனுக்கு உயிர் ஊட்டிய வழி இத்தனை காலம் மூடிக் கிடந்து, ஆபத்து என்றதும் சேதி சொல்ல வந்திருக்கிறது. கருவறையில் திரை விலகும்போது குவிகிற மாதிரி கை தானாகக் குவிந்தது.

அவர் பிழைத்து வந்துவிட்டார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தும் போனது. நான் இன்னும் தினமும் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

ஆட்டோக்காரர் அன்று காசு வாங்கவில்லை. "அண்ணன் தன் காலால நடந்து வந்து குடுக்கட்டும்கா," என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் கையை நீட்டவில்லை. இவர் இப்போது வாசற்படி வரைக்கும் நடக்கிறார். தெருவைத் தாண்ட வேண்டும். இருநூறு ரூபாய் இன்னும் பாக்கி.