உயிரோடு இருப்பவனுக்குத் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன்

நேற்று மதியம், உயிரோடு இருக்கும் ஒரு பையனுக்காக அவன் அம்மாவிடமே போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன்.

மறைத்துப் பயனில்லை. ஏற்காடு முழுக்கத் தெரிந்துவிட்டது. நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சுமே என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவுக்குள் அமெரிக்கப் பண்பாட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. (நம்புங்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏரியும் மிளகாய் பஜ்ஜியும்தான் கண்ணில் படும்.)

நடத்துவது எலிசபெத் மிஸ். பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். அதனால்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

மாதம் ஒரு சொற்பொழிவு, அது முடிந்ததும் குடும்ப நிகழ்ச்சி. இந்த மாதம், அமெரிக்கர்களின் நன்றி நாள் விருந்து. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனி அழைப்பு.

எனக்கு அங்கே பிள்ளை கிடையாது. சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன்.

சொற்பொழிவு முடியும் நேரமாகப் பார்த்து நுழைவது என் பழக்கம். வெளியே பனிமூட்டம், தூறல். உள்ளே கரண்ட் இல்லை. வான்கோழி கிடைக்காததால் ஒரு நாட்டுக்கோழி அந்த வேஷத்தில் மேஜை நடுவில் மல்லாந்து கிடந்தது.

ஒரு நாற்காலி மட்டும் காலி. அதன் மேல் ஒரு பையனின் போட்டோ. எதிரே மெழுகுவர்த்தி. இரண்டு சாமந்திப் பூ. தட்டு நிறையச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

அடுத்த நாற்காலியில் சரோஜாக்கா, தலையைக் குனிந்தபடி. மஞ்சக்குட்டையில் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறவர். போட்டோவில் இருந்தது அவருடைய ஒரே மகன் குமரேசன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை.

நீங்களே சொல்லுங்கள். இந்த மலையில் பிறந்தவன் எவனாவது இதைப் பார்த்துவிட்டு வேறு என்ன நினைப்பான்?

வாசலுக்குத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். வந்து, இரண்டு கையையும் நீட்டி அக்காவின் கையைப் பிடித்தேன்.

"எப்பிடிங்க்கா ஆச்சு?"

"என்னதுங் தம்பி?"

"நம்ம குமரேசன். ஒரு வார்த்தை சொல்லி உடலீங்களே."

எனக்குப் பின்னால், என்னைப் போலவே சாப்பாட்டு நேரத்துக்கு வந்த மூன்று பேர், செருப்பில்லாமல், கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்து அழவே தொடங்கிவிட்டார்.

ஊர்ச் சேதி எதுவும் என் காதைத் தொடாமல் போகாது என்பது மலைக்கே தெரியும். ஒரு வாரமாகக் குமரேசன் போன் செய்யவில்லை என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும். இரண்டும் சேர்ந்ததும் அக்காவின் முகம் வெளிறியது.

"ஏனுங் தம்பி, உங்குளுக்கு ஏதாச்சும் சேதி வந்துச்சுங்களா?"

எலிசபெத் மிஸ் கரண்டியோடு ஓடி வந்தார்.

"டேய், அது படையல் இல்லடா. தூரத்துல இருக்கற புள்ளைக்கு ஒரு தட்டு வெக்கறது. அமெரிக்காவுல அப்பிடித்தான் வெப்பாங்க. இவ்ளோ நேரம் அதத்தானடா பேசுனேன்?"

"நா இப்பத்தானுங் மிஸ் வந்தேன்."

"நீ என்னிக்குடா முன்னாடி வந்திருக்க?"

அக்காவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. போனை எடுத்துவிட்டார்.

"இப்ப அங்க நடுராத்திரிங்க்கா," என்றேன்.

"எனக்கு அவங்கொரலு கேக்கோணும்."

ஸ்பீக்கரில் போட்டார். ரிங் போய்ப் போய் நின்றது. மறுபடி போட்டார். பந்தியில் ஒருவரும் கை வைக்கவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை.

எடுத்தான்.

"அம்மா? என்னாச்சும்மா? யாருக்கு? அப்பனுக்கா?"

நடுராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்தால் அங்கே இருக்கிறவர்களுக்கும் ஒரே அர்த்தம்தான் போல.

"அப்பன் நல்லாருக்காரு கண்ணு. நீதான் போயிட்டேன்னாங்க."

"யாரும்மா சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நாட்டுக்கோழியைப் பார்த்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நின்றிருந்தால் இது ஒரு காமெடிப் பதிவு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சந்தோஷத்தில் கேட்டார்.

"செரி சாமி, வைகாசிக்கு வந்துருவீல்ல? சேர்வராயன் கோயில் நோம்பிக்கு எம்பையன் வாரான்னு ஊடு ஊடாச் சொல்லி வெச்சிருக்கேன். சுண்ணாம்படிக்க ஆளும் சொல்லியாச்சு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அக்கா போனைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா. அத எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ஒரு வாரமாக் கூப்புடல. அங்க வந்தா, திரும்பி வாரதுக்கு விசா ஸ்டாம்பிங் பண்ணோணும். அது கெடைக்காம மாட்டிக்கிட்டன்னா இங்க திரும்ப முடியாது, வேல போயிரும். வைகாசிக்கு ஆகாதும்மா."

"அடுத்த வைகாசிக்கு?"

"தெரியலம்மா."

ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்தவர் வீட்டுப் பேச்சு என்றால் காதைத் தீட்டிக்கொள்ளும் எனக்கே, கேட்டிருக்க வேண்டாம் என்றிருந்தது.

"செரி கண்ணு. நீ தூங்கு. நாஞ் சும்மாத்தான் கூப்புட்டேன்."

அக்கா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். போட்டோவை மஞ்சள் பைக்குள் வைத்தார். அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"இன்னொரு தட்டு தாரேனுங்க சரோஜா," என்றார் மிஸ்.

"வேண்டாமுங் மிஸ். இது ஆறிப் போவுது."

நான் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்ல மாட்டோம் அல்லவா, கால் தானாக அப்படி நடந்துவிட்டது. பாதி வழியில்தான் உறைத்தது.

வீட்டுக்குள் நுழையும் முன்பே என் மனைவிக்குச் சேதி வந்திருந்தது.

"ஏனுங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கற பையனக் கொன்னுட்டு வந்திருக்கீங்களாமா? சாப்ட்டாச்சுங்களா?"

"இல்ல."

"நொம்ப நல்லதுங்க."

இந்தப் பதிவைப் போடும் முன், மிஸ் சொன்ன தகவல் சரிதானா என்று அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினனிடம் கேட்டிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது.

"மாமா, தூரத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் இங்க யாரும் தட்டு வெச்சு நான் பாக்கல. போருக்குப் போயித் திரும்பி வராதவங்களுக்குத்தான் அப்பிடி வெப்பாங்க."