பெரியவனின் முதுகு

எங்கள் வீட்டு நாய்க்கு முறையான பெயர் ஒன்று உண்டு. ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. பெரியவன் என்றுதான் சொல்வோம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய அல்சேஷன் வேறு கிடையாது. வாசல் கேட்டின் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து நின்றால் என் தோளைத் தாண்டிவிடுவான். பத்து வயது வரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவன், ஒரு காலையில் நான் பால் பாக்கெட் எடுக்கப் போனபோது வழக்கம்போல எழுந்து வரப் பார்த்தான். பாதி எழுந்ததும் ஒரு கத்துக் கத்தினான். அது குரைப்பு இல்லை. குழந்தையின் விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சத்தம். பாலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பாம்பு கீம்பு கடித்துவிட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, வாலை அசைக்காமல், தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னந்தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

என் கணவர் உள்ளேயிருந்து வந்து பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதற மாட்டார். பதற வேண்டியதற்கும் பதற மாட்டார்.

"சுளுக்கா இருக்கும். விடு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்.

இரண்டு நாளில் சரியாகத்தான் ஆனது. அதுதான் வினையே. சரியாகும், ஒரு வாரம் நன்றாக ஓடுவான், கொள்ளிடக் கரை வரை நடந்துவிட்டு வருவான், நாங்களும் அப்பாடா என்று இருப்போம். பிறகு சோற்றுத் தட்டுக்குக் குனியும்போதோ, மணி அடித்த சத்தத்துக்குத் திரும்பும்போதோ, மறுபடியும் அந்தக் கத்தல். என்ன செய்தால் வருகிறது என்று கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. நாளாக ஆக, அவன் நன்றாக இருக்கும் நாட்கள்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தன.

புத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் காட்டினோம். காவேரிப் பாலத்தைத் தாண்டி அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வந்த டாக்ஸிக்காரர்கள் எல்லாம் "நாய்னு சொல்லவே இல்லையே மேடம்" என்று திரும்பிப் போனார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்று தெரிந்ததிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"முழிச்சிருந்தா இவன் எக்ஸ்ரே எடுக்க விடமாட்டான் சார். கொஞ்ச நேரம் தூங்க வச்சு எடுத்துடறேன்" என்றார்.

ஊசி போட்டதும் பெரியவன் மேஜை மேல் நாக்கு தொங்கச் சாய்ந்தான். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் கணவர் மட்டும் அவன் காதைத் தடவிக்கொண்டு, "பாரேன், எப்படித் தூங்கறான்! வலி வந்ததிலேர்ந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கல இவன்" என்று பூரித்துப்போனார். கண் விழித்துத் தள்ளாடி எழுந்து அவர் கையை நக்கும்வரை அந்த இடத்தைவிட்டு அவர் நகரவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ரத்தத்திலும் ஒன்றும் இல்லை.

"வயசுக்கு உண்டான தேய்மானம் கொஞ்சம் இருக்கு. ஆனா இவ்வளவு வலிக்கு அது காரணம் இல்ல டீச்சர். பெரிய ஸ்கேன் எடுக்கணும்னா சென்னைக்குத்தான் போகணும். அவ்வளவு தூரம் வண்டியில இவன் தாங்கணுமே."

"அப்போ இது என்னதான் வியாதி?"

"தெரியலைங்க."

எனக்கு வந்ததே கோபம்! தெரியலைங்க என்று சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று வெளியே வந்து நின்றுகொண்டேன். ஏதாவது ஒரு வியாதியின் பேரைச் சொல்லியிருந்தால் அதைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

வீடு மாறிப்போனது. டைல்ஸ் வழுக்கும் என்று என் கணவர் யோகா பாய்களை வாங்கிவந்து ஹாலிலிருந்து வாசல்வரை ஒட்டினார். ஊதா ஒன்று, பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று. பார்க்கச் சகிக்காது. தட்டை முக்காலி மேல் ஏற்றி வைத்தோம். காலையும் மாலையும் வெந்நீர்ப் பை. வயிற்றுக்கு அடியில் ஒரு குற்றாலத் துண்டைக் கொடுத்து, இரண்டு முனையையும் அவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, முன்னங்காலால் பெரியவன் நடப்பான். இருவரும் அப்படித் தெருவில் போவதைப் பார்த்து எதிர்வீட்டு மாமி உச்சுக்கொட்டினார்.

"நன்னா ஓடிண்டிருந்ததே! யார் கண் பட்டுதோ. பெருமாள் பார்த்துப்பர், கவலைப்படாதேங்கோ."

பெருமாளாவது என்ன வியாதி என்று சொல்வாரா மாமி என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பாவம், அவருக்கும் பெரியவன் என்றால் உயிர்.

மழைக்காலம் முடிவதற்குள் அவனிடம் வேறு மாற்றங்கள் வந்தன. சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தான். கூப்பிட்டால் காது மட்டும் அசையும், தலை திரும்பாது. தெருவில் நடக்கும்போது பின்னங்கால் நகங்கள் சிமென்ட்டில் சர்ர் சர்ர் என்று இழுபடும். சமையலறையில் இருந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஒரு நாள் என் கணவர் துண்டைக் கட்டப் போனபோது, திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்விவிட்டான். ரத்தம். பத்து வருஷத்தில் ஒரு பல் எங்கள்மேல் பட்டதில்லை. கவ்விய உடனே விட்டுவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டான்.

"அவனை ஒண்ணும் சொல்லாதே. வலிக்கிற இடத்துல நான்தான் கை வச்சுட்டேன்" என்று கையைக் குழாயில் கழுவிக்கொண்டே சொன்னார்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம், நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அவர் டாக்டரோடு போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க... எழுந்திருக்கவே முடியல... சரிங்க. சரிங்க சார். வாங்க." போனை வைத்துவிட்டுச் சிரித்த முகமாக உள்ளே வந்தார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"டாக்டர் நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்கே வராராம்."

"எதுக்கு?"

"இன்னும் இவனை வலியில வச்சிருக்க வேண்டாம் சார், தூங்க வச்சிடலாம்னார். சரின்னுட்டேன். நல்லா ஒரு தூக்கம் தூங்கினா முதுகு விட்டுரும் பாரு."

கரண்டி கையிலேயே நின்றது. கடுகு கருகும் வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

தமிழில் நாம் குழந்தையைத்தான் தூங்க வைப்போம். தூளியில் போட்டு, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்து. இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஆனால் நாய் டாக்டர்கள் இங்கிலீஷில் படித்தவர்கள். ஊசி போட்டுக் கொல்வதை அந்த பாஷையில் தூங்க வைப்பது என்றுதான் சொல்வார்களாம்; அதை அப்படியே தமிழில் தூக்கிப் போடுகிறார்கள். எக்ஸ்ரே அன்றைக்கும் இதே டாக்டர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சொன்னது "தூங்க வச்சு". இன்றைக்குச் சொல்வது "தூங்க வச்சிடலாம்". அந்த "இடலாம்" என்ற ஒட்டு, காரியத்தை ஒரேயடியாக முடித்துவிடுகிற ஒட்டு.

"ஏங்க, அவர் அதைச் சொல்லலைன்னு நினைக்கிறேன். அவர் சொல்றது..."

"என்ன?"

"கடைசி ஊசிங்க."

"பைத்தியமா உனக்கு? தூங்க வைக்கிறதுன்னா தூங்க வைக்கிறதுதான். உனக்கு எதை எடுத்தாலும் இலக்கணம்!" என்று எரிந்து விழுந்தார். "நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?"

டாக்டருக்கு உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. காலையில் கிளினிக்குக்குக் கூப்பிட்டால், பச்சைமலைக்கு மாட்டு முகாமுக்குப் போயிருக்கிறார், மேலே டவர் கிடைக்காது, இறங்கி நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவார் என்றார்கள். சரி, அவர் வந்துதான் தெரியும் என்று ஆயிற்று. என் கணக்குத் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சரியாக இருக்கும் என்றும் தெரிந்திருந்தது.

அன்று பகல் முழுவதும் எங்களுக்குள் நடந்த சண்டை சோற்றுக்காக. எக்ஸ்ரேக்குப் போனபோது வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சடைக்கும் என்று. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு என் கணவர் காலையிலேயே தட்டை எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டார். பெரியவன் முக்காலியைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான். மறுபடி முக்காலியைப் பார்ப்பான். அவர் நினைப்பது சரியென்றால், நான் போடும் ஒரு வாய் சோறு அவனைக் கொல்லும். நான் நினைப்பது சரியென்றால், அவன் பசியோடு சாகப் போகிறான். இதில் எதை நம்பி நான் தட்டை எடுப்பது?

"ஒரு முட்டையாவது குடுக்கறேங்க."

"கொலைகாரி ஆகாதே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் அவர் பழைய ஜமக்காளத்தை உதறி விரித்தார், மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவைத்தார், கொசுவத்தி கொளுத்தினார். தூக்கம் கெடாமல் இருக்க வேண்டுமாம். காலிங் பெல் சுவிட்சைக்கூட அணைத்துவிட்டார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய் நின்றேன்.

டாக்டர் பொழுது சாயும் நேரத்தில் வந்தார். மலையிலிருந்து நேராக வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெரியவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொடுத்தார். பையைத் திறக்கவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அவனுக்குப் பிடிச்சதெல்லாம் குடுத்தீங்களா சார்?"

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமே குடுக்கலை சார்" என்றார் என் கணவர், கெட்டிக்காரத்தனமாக வேலை செய்து முடித்த குரலில். "அன்னிக்கு மாதிரி வெறும் வயிறாத்தான் வச்சிருக்கேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார்... நான் போன்ல கேட்டேனே. நீங்க சரின்னீங்களே."

என் கணவருக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனதோ எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் பையையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தார். பெரிய குரல் எதுவும் போடவில்லை. "போயிட்டு வாங்க சார்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் என் கணவர் பீரோ மேலிருந்து தட்டை எடுத்தார். நான் சோறு பிசைந்து கொடுத்தேன். முட்டை, நெய், இருந்ததெல்லாம் போட்டுப் பிசைந்தேன். அவரே உருட்டி ஊட்டினார். "பட்டினி போட்டுட்டேனேடா, பாவி நான், பட்டினி போட்டுட்டேனே" என்று தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்த மனிதர் அழுது பார்த்ததில்லை. பெரியவன் சாப்பிட்டு முடித்து அவர் விரல்களைச் சுத்தமாக நக்கினான்.

அதன்பிறகு சில நாட்கள் அவர் யாரையும் பக்கத்தில் விடவில்லை. மாத்திரை, வெந்நீர், துண்டு எல்லாம் அவரேதான். என்னிடம் பேசவும் இல்லை. நான் சொன்னது பலித்துவிட்டதே, அந்தக் கோபம். எனக்கும் என்மேல் கோபம்தான், என்ன பிரயோஜனம். துண்டில் தூக்கினாலும் பெரியவனுக்குப் பின்னங்கால் ஊன்ற வரவில்லை. இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டு, வெட்கப்பட்டு முகத்தைப் பாய்க்குள் நுழைத்துக்கொள்வான். முன்பு எப்போதாவது கத்தியவன், இப்போது விடாமல் முனகினான். தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் காலை. என் கணவர் குளித்துவிட்டு வந்து ஹாலில் பேப்பரைப் பிரித்தார். அறை மூலையிலிருந்து பெரியவன் அவரைப் பார்த்துவிட்டான். எழுந்திருக்க முடியாது என்பது அவனுக்கு மறந்துவிட்டதோ என்னவோ. முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றி, இடுப்புக்குக் கீழே உள்ளதை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு, அந்த ஊதா, பச்சை, ரோஸ் பாய்கள் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கத்தல். நில்லுடா, வராதேடா என்று அவர் கையை நீட்டினார். அவர் கை நீண்டதைப் பார்த்து, கூப்பிடுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தான். வந்து அவர் பாதத்தில் மோவாயை வைத்துக்கொண்டு மூச்சிரைத்தான்.

பாதத்தை அசைக்காமல் உட்கார்ந்தபடியே அவர் போனை எடுத்தார். அந்தப் பக்கம் டாக்டர் எடுத்ததும் சொன்னார்:

"சார், இன்னிக்கு வந்து கொன்னுடுங்க."

நான் கதவருகில் நின்றிருந்தேன். டாக்டர் பதறிப்போய் அவரைத் திருத்துவது எனக்கே கேட்டது. அப்படிச் சொல்லக் கூடாது சார், தூங்கத்தானே வைக்கிறோம் என்றார்.

"வேண்டாம் சார், அந்த வார்த்தை வேண்டாம்" என்றார் என் கணவர். "அதைச் சொன்னீங்கன்னா, எத்தனை மணிக்கு எழுந்திருப்பான்னு நான் மறுபடியும் கேப்பேன்."