அருவருப்புக்கு நான் சொன்ன அர்த்தம்

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருநெல்வேலிக்காரி என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. தமிழ் என்றால் எங்கள் தமிழ், சோறு என்றால் எங்கள் சோறு. பேக்டரியில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த பெண் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, படித்ததும் தெலுங்கு மீடியம். ஒரு நாள் மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து ராகிக் களியைக் கிள்ளி எனக்குக் கொடுத்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மென்றேன். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. அவள் டிபன் மூடியிலேயே துப்பிவிட்டு, "ச்சீ, அருவருப்பா இருக்கு" என்றேன்.

"அப்படின்னா என்னாக்கா?" என்று கேட்டாள்.

புழு நெளிவதைப் பார்த்தால், வாந்தியை மிதித்துவிட்டால் வருவது அருவருப்பு. ஒருத்தி ஆசையாகக் கொடுத்த சாப்பாட்டுக்கு அந்தச் சொல் கிடையாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"பிடிக்கலைன்னு அர்த்தம்" என்று சமாளித்தேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள், நான் போவதற்குள் கேண்டீனில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. பசியில் அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் களியை என் பக்கம் நீட்டப் போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, மறந்துட்டேன்க்கா. எங்க சாப்பாடு உங்களுக்கு அருவருப்பு இல்ல?" என்றாள், கொஞ்சம்கூடக் கோபமில்லாமல்.

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"எனக்குப் பசிக்கல" என்றேன்.