தனபாக்கியம் வெளுக்க மறுத்த காகிதம்

கோவளத்திலிருந்து செல்வி போன் செய்தபோது, செங்கல்பட்டில் என் அச்சகத்தில் ஒரு தலைவரின் பிறந்தநாள் சுவரொட்டிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவரைச் ‘சரித்திரமே’ என்று அழைத்திருந்தார்கள். “தனபாக்கியம் அக்கா செத்துப் பூடுச்சிண்ணே” என்றாள். மிச்சத்தைத் திருத்தாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

கோவளத்துச் சாலையோர இளநீர்க் கடைகள் எறியும் மட்டைகளைச் சேர்த்து, நார் பிரித்து, காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, கூழாக அடித்து, சல்லடையில் ஏந்தித் தாளாக்கியவர் தனபாக்கியம். செல்வியும் இன்னும் சில பெண்களும் உடன் வேலை செய்தார்கள். மட்டையில் செருகிக் கிடக்கும் ஸ்ட்ராக்களைப் பொறுக்கவே ஒருத்தி தேவைப்பட்டாள். தாள் காப்பி நிறத்தில் வரும். அதில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடித்தேன். கருமாதிப் பத்திரிகை போல இருக்கிறது என்று பெண் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். அவரிடம் சொன்னேன்.

“ரெண்டுத்துக்கும் சோறு போடுவாங்கல்ல, அண்ணாத்த?”

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் குரல் இப்போது கேட்கும்.

பிறகு மாமல்லபுரம் பக்கம் ஒரு ஓய்வு விடுதி, வருஷம் முழுக்கத் தாள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. தாள் வெள்ளையாக இருக்க வேண்டும். ‘இயற்கையானது’ என்று அதன்மேல் அச்சிடவும் வேண்டும். கூழை மருந்து போட்டு வெளுத்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து உப்பங்கழிக்குத்தான் போகும். வேகவைத்த கறுப்புத் தண்ணீருக்குக் கட்டிய தொட்டியே தளும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கழியில்தான் செல்வியின் அம்மா உட்படப் பலர் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

வேலை செய்த பெண்கள் சம்மதித்தார்கள். நானும் சம்மதித்தேன், அச்சடிக்கப்போவது நான்தானே.

“எல்லாரையும் கேட்டாச்சேக்கா, இன்னும் இன்னா?” என்றாள் செல்வி.

“இறாலக் கேட்டியாடி?” என்றார் தனபாக்கியம்.

விடுதி வேறிடம் பார்த்துக்கொண்டது. பட்டறை பாதி நாள்தான் ஓடியது. செல்வி சண்டை போட்டுக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாள். அதன்பின் அக்காவுடன் அவள் பேசவில்லை.

அக்காவின் உடலை எடுக்கும் நேரத்தில் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். “இப்பவும் கோவந்தாண்ணே. நல்ல வேலையக் கெடுத்துச்சி” என்றாள். பிறகு, “அம்மா கழில கீது. ஆள் அனுப்பிக்கீறேன். வரட்டும், அப்பறம் எடுக்கலாம்” என்றாள்.

எல்லோரும் காத்திருந்தோம். முழங்கால்வரை நனைந்த சேலையோடு, இறால் கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அந்த அம்மாள் தெருவில் ஓடிவந்தார். தனபாக்கியத்தின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓட்டத்தைத்தான்.