இமை வைத்த மீன்

“...இங்கிலீசிலை ஒரேயொரு சொல்லுச் சொன்னால் இந்தப் பென்சில் உமக்குத்தான், பிள்ளை. தெரிஞ்சுகொண்டும் ஏன் பேசாமல் நிக்கிறீர்?”

கொழும்புத்துறைக் கரையில், பூவரச மரத்தின் கீழ் வகுப்பு நடக்கிறது. பக்கத்துக் கொட்டிலில் என் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிறார்கள். கலியாணக் கார்ட்டின் பின்புறத்தில் கீறிய மீனொன்றை டீச்சர் தூக்கிப் பிடித்திருக்கிறார். படத்தைப் பார்த்து முதலில் பெயர் சொல்பவருக்கு அந்தக் கார்ட். பத்துச் சேர்த்தால் ஒரு முழுப் பென்சில். பொருளாதாரத் தடையால் கடைகளில் பென்சிலைக் கண்டு மாதக்கணக்காகிறது. டீச்சருக்கு முன்னால் நிற்கும் இந்த மீன்காரர் மகளிடம் ஒன்பது கார்ட் சேர்ந்துவிட்டது.

“உது மீன் இல்லை, டீச்சர். மீனுக்கு இமை இருக்கோ? உது கண்ணை மூடி நித்திரை கொள்ளுது.”

மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. பென்சிலைப் பார்க்கிறாள், படத்தைப் பார்க்கிறாள், அந்த இங்கிலீஸ் சொல்லை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

“டீச்சர் எந்த ஊர், அண்ணை?” என்று ஒட்டுப் போடுகிறவரைக் கேட்கிறேன்.

“கோப்பாய். சுத்த சைவம். கத்தரிக்காய்க்குத் தோட்டக்காரனைக் கேள், மீன் கண்ணுக்குக் கடல்காரனைக் கேள் எண்டு நாங்கள் சும்மாவே சொல்லுறது?”

அந்தப் பழமொழியை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன்.

டீச்சர் தான் கீறிய மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கரையில் இருக்கும் மீன் கூடைக்குப் போய், இரண்டு விரலால் ஓரா மீனொன்றை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். முகத்தை மறுபக்கம் திருப்பியபடியே, மற்றக் கையால் ஒரு வெறுங் கார்ட்டையும் பென்சிலையும் அவளிடம் நீட்டுகிறார்.