கைமடி சார்

பனியன் லேசானது என்று நம்பியவன் நான். திருப்பூரில் பிறந்து, திருப்பூரிலேயே அறுபத்தோரு வருடம் தின்று தூங்கியவன் இப்படி நம்பலாமா? நம்பினேன்.

நாலு மாதத்துக்கு முன்னால், காதர்பேட்டையில் ஒரு டெம்போவிலிருந்து பண்டல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நிற்கிற வடநாட்டுத் தம்பி எறிகிறார். கீழே நிற்பவர் பூப்பந்து மாதிரி வாங்கி அடுக்குகிறார். வேடிக்கை பார்ப்பதற்கென்றே பிறந்தவன் நான், பக்கத்தில் போய் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்தவர் போன் பேச ஒதுங்கினார். மேலே இருந்தவர் கையில் பண்டல்.

"ஹட்டோ அங்கிள்... ஹட்டோ" என்றார்.

என் இந்தி 'அச்சா'வில் தொடங்கி 'அச்சா'விலேயே முடிகிறது. பிடிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். 'தள்ளிப் போ' என்று அர்த்தமாம். எலும்பு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு பனியன் லேசானதுதான். முந்நூறு பனியன் சேர்ந்தால் அது பனியன் இல்லை — கன்றுக்குட்டி. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் போனது.

'கொஞ்ச நாளாக உங்கள் வாரப் பத்தி சிறுத்துவிட்டதே, சரக்கு தீர்ந்துவிட்டதா?' என்று சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். சரக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அதுவல்ல காரணம். இடது கட்டைவிரலால் செல்போனில் தட்டினால் அவ்வளவுதான் வரும்.

இது சின்ன முட்டாள்தனம். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

கட்டுப் பிரித்த அன்று, என் கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, மெலிந்து... உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னால் பாதியில் நின்றுகொண்டது. காசு வாங்க முடியாது, பிரசாதம் வாங்க முடியாது. மடக்கினால் விரல்கள் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நின்றன.

வீட்டில் இருப்பது நான் ஒருவன். மனைவி பெங்களூருவில், மகள் வீட்டில். பேத்தி பிறந்தபோது, "ஒரே மாசம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர். ஒரு வருடம் ஏழு மாதம் ஆகிறது. தினமும் வீடியோ காலில் வருவார். அவர் முகத்தில் பாதியும், பேத்தியின் நெற்றியும், ஓடுகிற மின்விசிறியும் தெரியும். "கை எப்படிங்க இருக்குது?" என்பார். "பரவால்ல" என்பேன். அதற்குள் பேத்தி போனைக் கடித்துவிடும்.

ஒற்றைக் கையால் துண்டு பிழிந்திருக்கிறீர்களா? குழாயில் ஒரு சுற்று சுற்றி, நுனியைப் பிடித்து முறுக்க வேண்டும். துண்டும் பிழியும், குழாயும் கழன்று வரும். பால் பாக்கெட்டைப் பல்லால்தான் கிழித்தேன். பட்டன் வைத்த சட்டைகளுக்கு விடுமுறை.

டாக்டர் ஆக்குபேஷனல் தெரபிக்கு அனுப்பினார். ஒரு ஹாலில் நீள மேசைகள். ஒரு கிண்ணம் நிறைய அரிசி. பிசைந்த மைதா மாதிரி, 'புட்டி' என்கிற பயிற்சிக் களி, நாலு நிறத்தில் — மஞ்சள் சாது, நீலம் முரடு. பிடித்து நெரித்தால் முள் நகரும் மீட்டர் ஒன்று. முதல் நாள் என் வலது கை நெரித்தபோது முள் அசையவே இல்லை. ரிப்பேர் என்று நினைத்தேன். ரிப்பேர்தான், மீட்டர் அல்ல.

தெரபிஸ்ட் பெயர் கோகிலா. பல்லடம் பக்கம். முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது.

"சார், உங்க கைக்கு என்ன வேலை வேணுமுங்க?"

"வேலைன்னா?"

"கை நல்லானதும் அதை வெச்சு என்ன பண்ணோணும்? சமைக்கோணும், வண்டி ஓட்டோணும்... இப்படி எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க. அதுக்குத் தகுந்த மாதிரிதான் பயிற்சி குடுப்பேனுங்க."

"எழுதோணும்ங்க" என்றேன், கம்பீரமாக.

"அதுதான் இடது கட்டைவிரல்லயே வாராவாரம் வந்துட்டு இருக்குதுங்களே."

என் பத்தியைப் படித்திருக்கிறார். சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா? வேறு வேலை யோசித்தேன். சமையல், மெஸ்ஸில். வண்டி எப்போதோ விற்றாகிவிட்டது. பேத்தியைத் தூக்கலாம், அது இருப்பது பெங்களூருவில். கோகிலா பாரத்தில் 'ஜெனரல்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த மேசைப் பெண்மணியிடம் அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது.

அவர் மரியபுஷ்பம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து இருபது வருடம். பனியன் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். தையல் ஓட்டும்போது ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கி, சீழ் பிடித்து, ஆபரேஷன் ஆகி, விரல் குச்சி மாதிரி நின்றுவிட்டது. முதல் தேதிக்குள் கை சரியாகிவிட்டது என்று கோகிலாவின் கடிதத்தோடு போனால், பவர் டேபிளில் — அதாவது தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற இடத்தில் — அவருடைய மிஷின் அவருக்கு. இல்லையென்றால் பிசிர் வெட்டுகிற இடத்தில் உட்கார வேண்டும். தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிக்கிற வேலை.

"இருவது வருசத்துக்கு முன்ன பிசிருதான் வெட்டினேன். திரும்ப அங்க போயி உக்காரவா? நம்மகிட்ட வேல படிச்ச பிள்ளைவொ முன்னால?" என்றார் கோகிலாவிடம். அழவில்லை. மஞ்சள் புட்டியை ஒதுக்கிவிட்டு, நீலத்தை எடுத்துப் பிசைந்தார்.

"நீலம் இப்ப வேண்டாங்க புஷ்பக்கா."

"நாளு இல்ல மேடம்."

ஹாலில் ஏது ஓவர்லாக் மிஷின்? கோகிலா ஒரு வழி செய்தார். மேசையில் கோடு போட்டார். இரண்டு பனியன் பீஸை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விரல் நுனியால் அந்தக் கோட்டின்மேல் நழுவாமல் தள்ளிப்போக வேண்டும், மிஷினுக்குத் தள்ளுகிற மாதிரி. பத்து நிமிடத்தில் அறுபது ஜோடி வந்தால் கடிதம்.

ஆனால் டெய்லர் தனியாகத் தைப்பதில்லை. பக்கத்தில் நின்று பீஸ் எடுத்து, திருப்பி, ஜோடி சேர்த்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கைமடி என்று பெயர். கோகிலா ஹாலைச் சுற்றிப் பார்த்தார். துணியைத் திருப்பிப் போடுகிற அந்த அசைவுதான் என் மணிக்கட்டுக்கும் மருந்து.

"சார், நீங்க அக்காவுக்குக் கைமடிங்க."

இருபது வருடப் பத்தி எழுத்தாளர், ஒரே நிமிடத்தில் கைமடி. பதவி உயர்வு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் நாள் கொடுமை. "ஏம் சார், இப்பிடியா குடுக்கிய? ஓரம் சேரணும்லா" என்றார். பிறகு, "சார், பீஸு காணாது."

பதறிப் போய் மேசைக்கடியில் குனிந்து தேடினேன். நாற்காலிக்குப் பின்னால், பீரோவுக்கு அடியில்... ஒருவேளை அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேனோ என்று எழுந்தும் பார்த்தேன்.

"என்ன சார் தேடுதிய?"

"காணோம்னீங்களே."

அவர் சிரித்த சிரிப்பில் ஹாலே நெரிக்கிறதை நிறுத்தியது. "காணாதுன்னா பத்தாது சார். வெரசாக் குடுங்கங்கேன்."

செவ்வாயும் வெள்ளியும் அந்த ஹால். காலை பத்தரைக்குத்தான் நேரம். நான் ஒன்பதே முக்காலுக்கே போய் வெளியே நிற்பேன். சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தேன். தாமதமானால் திட்டுகிற ஓர் ஆள் எனக்கு இருந்தார். நான் எடுத்துக் கொடுக்காவிட்டால் ஒருவருக்கு வேலை நின்றுபோகும் — கடைசியாக எப்போது அப்படி இருந்தேன்?

கூடவே விரல்களில் ரப்பர் பேண்டை மாட்டி விரிக்கிற பயிற்சி. நெரிப்பதைவிட இதுதான் வலித்தது. ஏன் என்று கேட்டேன்.

"பிடிக்கிற தசை பெருசுங்க சார். விடற தசை சின்னது. விடறதுக்குத்தான் நெறைய பழகோணும்" என்றார் கோகிலா.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணி முடித்துவிட்டு, "அக்கா, அம்பத்தாறு. அடுத்த வாரம் அறுவது வந்துருமுங்க. லெட்டர் குடுத்துரலாம்" என்றார் கோகிலா.

புஷ்பம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான்? வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டேன். புஷ்பம் போய்விட்டால் கைமடிக்கு என்ன வேலை? மறுபடியும் நானும் அரிசிக் கிண்ணமும். அப்புறம் அதுவும் இல்லை.

இப்போது பெரிய முட்டாள்தனம்.

செவ்வாய்க்கிழமை நான் மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப மெதுவாக இல்லை, திருடனுக்குத் தெரியாதா அளவு? ஒரு பீஸைக் கீழே நழுவ விட்டேன். இரண்டு தடவை உள்பக்கத்தை வெளியே வைத்துக் கொடுத்தேன். நடுவில் தும்மினேன், அதுவும் பொய்த் தும்மல். பத்து நிமிடம் முடிந்தது.

நாற்பத்தெட்டு.

கோகிலாவின் முகம் சுருங்கியது. "என்னாச்சுங்க புஷ்பக்கா? இப்படி எறங்கிருச்சு?"

புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தார். "கைதான் வெறச்சுக் கெடக்கு மேடம். நேத்து துணி தொவச்சேன்."

"அப்ப அவசரப்பட வேண்டாங்க. இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம்."

முதல் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. புஷ்பம் நீலப் புட்டியை எடுத்துப் பிசையத் தொடங்கினார். விரல் முட்டி வெளுக்கிற வரைக்கும்.

எனக்கு இரண்டு வாரம் கிடைத்துவிட்டது, இல்லையா? கொண்டாட வேண்டியதுதானே? பேக்கரியில் போய் டீயும் பப்ஸும் சொன்னேன். பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டேன். பழைய பப்ஸாகவும் இருந்திருக்கலாம். ஆனால் டீயையும் பாதியில்தான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைக் காலி செய்தேன். பனியன், டீ-சர்ட், மனைவி விட்டுப்போன நைட்டி எல்லாம் மேசையில். செல்போனில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, திருப்பி, ஜோடி சேர்த்து, எதிரில் இருந்த காலி நாற்காலிக்கு நீட்டினேன். வாங்க ஆள் இல்லை. கீழே விழுந்தது. திரும்பப் பொறுக்கினேன். மறுநாளும் அதே. மணிக்கட்டு வீங்கியது. ஐஸ் வைத்துக்கொண்டு கோகிலாவுக்கு போன் போட்டேன்.

"மேடம், அன்னைக்கு எனக்குத்தான் ஒடம்பு சரியில்லீங்க. கைமடி கெட்டா டெய்லர் என்ன பண்ணுவாங்க? இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க."

மறுபடியும் ஒரு பொய். முழு உண்மை சொல்ல நாக்குக்குப் பலம் இல்லை. நாக்குக்கு மீட்டர் இருக்கிறதா தெரியவில்லை.

"அப்படீங்களா... சரி, ரெண்டு பேருமே வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை நான் எடுத்தேன், அவர் தள்ளினார். எடுத்தேன், தள்ளினார். அவர் விரல் ஓரத்தை விடும்போது அடுத்த ஜோடி அங்கே இருந்தது. குச்சியாக நின்ற விரல் துணியின்மேல் வளைந்து வளைந்து ஓடியது. மாவு அரைக்கிற மாதிரி ஒரு தாளம் வந்துவிட்டது. கோகிலா நிறுத்தச் சொன்னதே எங்களுக்குக் கேட்கவில்லை.

அறுபத்து மூன்று.

கோகிலா கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "சார், உள்ளங்கையைத் திருப்புங்க பாக்கலாம்."

திருப்பினேன். முழுசாகத் திரும்பியது.

"உங்களுக்கும் முடிஞ்சுதுங்க. இனி வர வேண்டியதில்லை. ஊட்டுல பண்ணுனா போதும்."

புஷ்பம் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "வாரேன் சார். கையப் பாத்துக்கிடுங்க" என்றார். போய்விட்டார்.

மூன்று வாரம் ஆகிறது. துண்டை இரண்டு கையாலும் பிழிகிறேன். பட்டன் போடுகிறேன். இந்தப் பத்தியை வலது கையால்தான் எழுதுகிறேன், அதனால்தான் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வந்தால் ஒன்பதே முக்காலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் கழற்றி மாட்டுகிறேன்.

ஆனால் அந்த நாற்பத்தெட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் இன்னும் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பாரோ? மிஷினில் உட்காரும்போதெல்லாம் பயப்படுவாரோ? நேற்று டீ டைம் பார்த்து போன் போட்டேன். டீ டைம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கம் மிஷின் சத்தம், மழை மாதிரி.

"நான் சார் பேசறேனுங்க."

"எந்த சாரு?"

கொஞ்சம் வலித்தது. "கைமடி சார்."

"ஆங்... சொல்லுங்க சார்."

மூன்று பாரா மன்னிப்பு தயார் செய்து வைத்திருந்தேன். வந்தது ஒரே வரி.

"ஒண்ணு சொல்லோணும்ங்க புஷ்பம்... அன்னைக்கு நாப்பத்தெட்டு வந்துச்சே, அது உங்க கையில்லீங்க. நாந்தான் வேணும்னே மெதுவா—"

"தெரியும் சார். மிஷின் லைன் ஓடுது, வைக்கேன்."